தறிக்குழியில் ஒரு கார்

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் வந்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. வலது கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளப்பான தழும்பு ஒன்று உண்டு; அந்த இடம் மட்டும் வியர்ப்பதில்லை. எப்படி வந்தது என்று தொழிற்சாலையில் கேட்பவர்களிடம் குக்கர் சுட்டுவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஷெட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

வீடு பிள்ளையார்பாளையத்தில். கூடத்தில் அப்பாவின் தறி. பின்கட்டில் ஓடு வேய்ந்த ஷெட்டில் முன்பு சித்தப்பாவின் தறி இருந்தது. அவர் ஓரிக்கையில் வீடு கட்டிக்கொண்டு, தறியைக் கழற்றி டெம்போவில் ஏற்றிப் போய்விட்டார். மரத்தை ஏற்றலாம், குழியை ஏற்ற முடியாதே. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்கான அந்தத் தறிக்குழி முழங்கால் ஆழத்துக்கு அப்படியே கிடந்தது. அம்மா அதில் கொட்டாங்குச்சி போட்டுவைத்திருந்தாள். எனக்கு மட்டும் அது காரின் அடிவயிற்றைப் பார்க்க யாரோ பாதி தோண்டிவைத்த பள்ளமாகத் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தவர். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே என் ரேங்க் கார்டில் கைநாட்டு வைக்கத்தான். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தேன். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அங்கே என் கைக்கு வருவது ஒரே ஒரு உருப்படி, பிரேக்கில் போகும் ஒரு வளையம். காலையிலிருந்து அதையே அளக்கிறேன். கார் முழுவதையும் ஒருமுறையாவது என் கையால் கழற்றிப் பூட்ட வேண்டும் என்ற வெறி அந்த வளையத்தை அளந்து அளந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஏனாத்தூரில் ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டு வேப்பமரத்தடியில் பழைய சின்னக் கார் ஒன்று நான்கு வருடமாக நின்றிருந்தது. கார்பரேட்டர் வைத்த காலத்து வண்டி. இரும்புக்கடைக்குப் போவதற்கு முன்னால் நான் வாங்கிவிட்டேன்.

ஷெட்டில் வைத்து வேலை செய்யட்டுமா என்று வீட்டில் கேட்டபோது அப்பா தறியில் குறுக்கே ஓடும் நாடாவை நிறுத்தவில்லை. நெய்துகொண்டே கேட்டார்.

“பொம்பளப் புள்ள, வண்டிக்கு அடியில பூந்து வேல செய்யணுமாம்மா? இன்னா ஆபத்து அதுல?”

“ஒண்ணும் இல்லப்பா.”

“வண்டி மேல வுழுந்துச்சின்னா?”

“வுழாதுப்பா. அதுக்குத்தான் ஸ்டாண்ட் இருக்குது.”

“தீ கீ பிடிச்சுதுன்னா? வீடு முழுக்கப் பட்டு இருக்குதும்மா.”

“அப்பா, நான் படிச்சிருக்கேன்.”

அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் எல்லாக் கேள்வியையும் நிறுத்திவிடும். ரேஷன் கடையிலிருந்து வங்கி வரை, ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து கரன்ட் பில் வரை, நான் படித்துச் சொல்வதுதான் முடிவு. அப்பா தலையை ஆட்டிவிட்டு அடுத்த நூலைத் தள்ளினார். ஆபத்து என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது என்பதுதான் இந்தக் கதையில் மோசமான விஷயம்.

இரண்டு கொத்தனார்களை வைத்துக் குழியை நீளமாக்கினேன், என் தோள் ஆழத்துக்குத் தோண்டினேன், செங்கல் வைத்துப் பூசினேன், உட்பக்கம் இறங்க நான்கு படி வைத்தேன். மேலே போட்டு மூடக் கனமான பலகைகள். பின்சந்துப் பக்கம் ஷட்டர் போட்டதும் கார் நேராகக் குழியின் மேல் வந்து நின்றது. சம்பளத்துக்குச் சம்பளம் சாமான் சேர்ந்தது. புதுப்பேட்டையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பழைய வைஸ் ஒன்று, இரும்பு மேசை ஒன்று. ரிங் ஸ்பேனர்களை எட்டிலிருந்து முப்பத்திரண்டு வரை சுவரில் ஆணி அடித்து மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் பின்னால் பெயின்டால் வரைந்தேன். எது இல்லை என்று பார்த்ததும் தெரியும். மழைக்காலத்தில் ஓட்டின் வழியே ஈரம் இறங்கி ஸ்பேனர்கள் சிவந்துபோகும் என்பதால் ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். அம்மா ஒரு பை நிறையப் பட்டுக் கழிவு நூல் கொடுத்தாள், துடைக்க ஆகும் என்று. ஆகவில்லை. பட்டு கிரீஸைக் குடிக்காது, பூசிவிடும். அதைச் சொல்ல மனமில்லாமல் பையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் பயம் முன்சக்கரத்தைக் கழற்றிய நாளில் வந்தது. ஜாக்கியைக் குழியின் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மேலே சிமென்ட் பூச்சு, அடியில் புதிதாக நிரப்பிய மண். நான் பாதி உடம்பை உள்ளே விட்டிருந்தபோது முறுக்கு உடைவது போல ஒரு சத்தம் கேட்டது. ஜாக்கியின் கால் தரைக்குள் இறங்கியது. கார் என் மார்புக்கு மேலே நான்கு விரல் இடைவெளியில் வந்து நின்றது. கழற்றிய சக்கரத்தை அடியில் தள்ளிவைத்திருந்தேன், அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. ஸ்டாண்ட் பெட்டிக்குள்ளேயே இருந்தது, அதைப் பிரிக்கச் சோம்பல். எவ்வளவு நேரம் அப்படிப் படுத்திருந்தேன் என்று தெரியவில்லை. கூடத்திலிருந்து அப்பாவின் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் வந்துவிடுவார், ஆனால் அதற்குப் பிறகு ஷெட் கிடையாது. மூச்சை வெளியே விட்டு, வயிற்றை ஒடுக்கி, ஒவ்வொரு அங்குலமாக நகர்ந்து வெளியே வந்தேன். உடைந்த தரையைச் சிமென்ட் குழைத்து அடைத்து, காய்வதற்குள் அதன்மேல் சாக்கைப் போட்டு மறைத்தேன்.

“இன்னாடி சட்ட பின்னால கிழிஞ்சிருக்குது?” என்று அம்மா கேட்டாள்.

“ஆணி மாட்டிக்கிச்சும்மா.”

அன்றிலிருந்து ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போனதில்லை. ஆனால் மறைக்கவும் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இனி அம்மாவின் சாம்பிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெய்கிறவர்கள் தறியைவிட்டு எழுந்ததும் வீட்டுப் பெண்கள் தூபம் போடுவார்கள். சாமி படத்துக்கு, தறிக்கு, அப்புறம் தறிக்குழிக்கு. தறியில் ஏற்றிய பாவு நூலுக்குத் தூர நின்று காட்டுவார்கள். குழிக்கு மட்டும் தூபக்காலை உள்ளேயே இறக்கி வைத்துவிடுவார்கள். நாள் முழுக்க ஒரு ஆளின் கால் அந்த இருட்டில் தொங்குகிறது. ஈரம், பூச்சி, தேள் எல்லாம் அந்தப் புகைக்குப் போய்விடும், காலுக்கு வலி வராது என்பது நம்பிக்கை. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வாரம்கூட விட்டதில்லை.

கார் வந்த முதல் வெள்ளிக்கிழமை அவள் என் ஷெட்டுக்கும் வந்தாள். படியில் இறங்கி, குழிக்குள் தூபக்காலை வைத்துவிட்டு, மேலே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“உன் காலும் இதுக்குள்ளதானே இருக்குது” என்றாள்.

 தெருவில் எல்லோரும் என் ஷெட்டை விளையாட்டு என்றபோது அம்மாதான் அதைத் தொழில் செய்கிற இடமாக ஏற்றுக்கொண்டாள். எதிர்வீட்டு அத்தைகூட அன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஏண்டி, மாப்ளைக்கு வரதட்சணையா இந்த டப்பா வண்டியத்தான் குடுக்கப் போறியா?” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கீழேதான் போகும், பள்ளம் கண்டால் அதில் தங்கும். இது பாலிடெக்னிக்கில் இரண்டு மதிப்பெண் கேள்வி. தொழிற்சாலையில் வருடாவருடம் பாதுகாப்பு வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தணலோடு குழிக்குள் இறங்கும் அம்மாவைப் பார்த்தபோது அது என் நினைவுக்கு வராமல் இல்லை. அன்று டேங்கில் பெட்ரோல் இல்லை, அதனால் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அப்பா அன்று கேட்ட கேள்விக்கு நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். வாராவாரம் புகை இறங்கியது, வாராவாரம் நான் பக்கத்தில் நின்றேன். எஞ்சின் ஓட ஆரம்பித்து டேங்கில் பெட்ரோல் வந்த பிறகு, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே ஷட்டரைத் திறந்து, மின்விசிறியைக் குழிக்குள் திருப்பிவைத்து, குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அம்மாவை விடுவேன். முதல் ஷிப்ட் முடிந்து நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்பதால் அது நடந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை காருக்கு அடியில் பெட்ரோல் குழாயில் ரப்பர் ஹோஸ் வெடித்துக் கசிந்தது. கழற்றிப் பார்த்தால் விரலில் பொடிந்தது. உதிரிபாகக் கடை பாய், “அந்த சைஸ் சனிக்கிழமதாம்மா வரும், அதுவரைக்கும் வண்டிய தொடாதே” என்றார். டேங்கில் பத்து லிட்டர் இருந்தது. எல்லாவற்றையும் இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். கேன் இல்லை. குழாய் வாயில் ஒரு போல்டைச் செருகி, கிளிப் போட்டு முறுக்கிவிட்டு, அடியில் ஒரு தகர டின்னை வைத்துவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்குப் போய்ப் பார்த்தேன். டின் பாதி நிரம்பியிருந்தது, பக்கத்தில் சிமென்ட் நனைந்திருந்தது. படியில் நிற்கும்போதே தலை கிறுகிறுத்தது. கம்பெனி பஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. கிளிப்பை இன்னும் இரண்டு சுற்று முறுக்கினேன், சொட்டு நின்றது போல இருந்தது. டின்னை ஷட்டருக்கு வெளியே வைத்தேன். அப்புறம் நான் செய்ததை இப்போது எழுதும்போதுகூட நம்ப முடியவில்லை. வாசனை கூடத்துக்கு வந்தால் அப்பா கேட்பாரே என்று பலகைகளை இழுத்துக் குழியை மூடினேன். இடுக்கு தெரியாமல் மேலே ஈரச் சாக்கையும் விரித்தேன். ஆவி வெளியே போக இருந்த ஒரே வழியை என் கையாலேயே அடைத்தேன். நாலு மணிக்கு வந்து திறந்துவிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் ஒரு பெட்டி வளையம் அளவு தப்பித் திரும்பி வந்தது. எங்கள் பிரிவில் எல்லோரையும் இருக்கச் சொல்லிவிட்டார்கள். போன் லாக்கரில். பஸ் ஏறும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. கைகால் ஓய்ந்து ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். வாலாஜாபாத்தில் பஸ் நின்றபோது என்னோடு வேலை செய்யும் ஐயம்பேட்டைத் தோழி ஜன்னல் வழியாகப் பூ வாங்கினாள். இரண்டு முழத்தைக் கிள்ளி என் மடியில் போட்டாள்.

“இந்தா, வெச்சுக்கோ. கிரீஸ் நாத்தமாவது அடங்கட்டும். மீதிய அம்மாவுக்குக் குடு, வெள்ளிக்கெழம.”

நான் பூவைப் பார்த்தேன். பூவிலிருந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெயில் சிவந்திருந்தது.

“மணி எத்தினி?”

“அஞ்சே முக்கால். ஏண்டி, இன்னா முகம் இப்டி ஆயிடுச்சு?”

அம்மாவுக்குப் போன் போட்டேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. சாயங்காலம் அம்மாவின் போன் அடுப்படி அலமாரியில் இருக்கும், அவள் கொல்லையில் கொட்டாங்குச்சி எரித்துத் தணல் எடுத்துக்கொண்டிருப்பாள். அப்பாவுக்குப் போட்டேன். எண்ணிக்கை தவறும் என்று அவர் நெய்யும்போது போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார். ஏழு தடவை போட்டேன். தோழியிடம் துண்டு துண்டாகச் சொன்னேன்.

“பக்கத்துல வேற யாருமே இல்லியா?” என்றாள்.

“எதிர்வீட்டு அத்தை இருக்காங்க.”

“அவங்களுக்குப் போடேன்டி!”

எண் என் போனில் இருந்தது. கட்டைவிரல் அதற்கு மேலேயே நின்றது. என்ன சொல்வது? என் ஷெட் வெடித்துவிடும், ஓடிப் போய் எங்கம்மாவை நிறுத்துங்கள் என்றா? ராத்திரிக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். படிச்ச பொண்ணு வீட்டுக்குள்ள வெடிகுண்டு வெச்சிருந்தாளாம். நான் அந்த எண்ணைத் தாண்டி, மறுபடி அம்மாவின் எண்ணையே அழுத்தினேன். அடித்து ஓய்ந்தது.

“பைத்தியமா உனக்கு?” என்று தோழி என் போனைப் பிடுங்கினாள். “எது, இதுவா?” அவளே அழுத்தி என் காதில் வைத்தாள்.

“யாரு?” என்றாள் அத்தை. பின்னால் மணிச் சத்தம்.

“அத்தை, நான்தான். எங்க வீட்டுக்குக் கொஞ்சம் போங்க. அம்மாவ ஷெட்டுக்கு நெருப்பு எடுத்துக்கினு போவாதன்னு சொல்லுங்க. குழியில பெட்ரோல் இருக்குது. ஓடுங்க அத்தை.”

“ஐயோ, நான் இப்பதாம்மா கோயிலுக்கு வந்தேன். ரெண்டு நிமிஷம் முன்னால போட்டிருந்தா வாசல்லதானேம்மா நின்னுக்கினு இருந்தேன்.”

அந்த இரண்டு நிமிடம். அதை நான் எத்தனை தடவை எண்ணியிருக்கிறேன் என்று சொல்லி முடியாது.

ஐயம்பேட்டையில் தோழி இறங்கவில்லை. என் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊருக்குள் நுழையும் இடத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் சாமி புறப்பாடு. போலீஸ் கயிறு கட்டியிருந்தார்கள். ஷேர் ஆட்டோக்கள்கூட நகரவில்லை. நான் இறங்கி ஓடினேன். கூட்டத்துக்குள் குடை தெரிந்தது, மேளம் கேட்டது, யாரோ “ஏம்மா, சாமி வருது, பாத்து” என்று அதட்டினார்கள். எந்தச் சாமி என்றுகூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஓடும்போது ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது, தறிச் சத்தம். எங்கள் தெருவில் முப்பது வீட்டில் தறி ஓடும், முனையிலேயே கேட்கும். ஏதாவது நடந்திருந்தால் எல்லோரும் எழுந்து ஓடியிருப்பார்கள், சத்தம் நின்றிருக்கும். சத்தம் கேட்டால் அம்மா உயிரோடு இருக்கிறாள். இப்படியே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

தெரு முனைக்கு வந்தேன். ஒரு தறியும் ஓடவில்லை.

 சுவரைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவில் எல்லாத் தறியும் நிற்கும் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். அந்த நிமிடம் அது எனக்குத் தெரியவில்லை. தெரு முழுக்கச் சாம்பிராணி வாசனை. அது சாம்பிராணிதானா, வேறு ஏதாவது எரிகிற வாசனையா என்றுகூடப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் தறிக்குழிக்குள் புகை ஏற்கெனவே நிறைந்திருந்தது. அப்படியென்றால் அடுத்தது என் ஷெட்.

பின்கட்டுக்கு ஓடினேன். ஷெட்டில் அப்பா குழிக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தார். சாக்கை உருட்டித் தள்ளியிருந்தார். மூன்று பலகையைத் தூக்கிவிட்டார், நான்காவது கையில் இருந்தது. பெட்ரோல் நெடி முகத்தில் அறைந்தது. அவருக்கு மூன்றடி பின்னால் அம்மா, ஒரு கையில் தூபக்கால், ஒரு கையில் பனைவிசிறி. தணல் அணைந்துவிடாமல் விசிறிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு விசிறலுக்கும் சாம்பிராணி மேல் ஒரு சின்ன நீல நாக்கு எழுந்து அடங்கியது.

  பிடி எது, கிண்ணம் எது என்று பார்க்கவில்லை. கிண்ணத்தோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. அதில் போட்டுவிட்டேன். சுர்ரென்று ஆவி எழுந்தது. கரித்துண்டுகள் மிதந்தன.

அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். அவள் முதலில் சொன்னது இதுதான்:

“வெள்ளிக்கெழம நெருப்பத் தண்ணியில போட்டுட்டியேடி பாவி!”

“அப்பாவக் கூப்பிடு. அங்க இருந்து வெளிய வரச் சொல்லு. லைட்ட தொடாதீங்க. எதையும் தொடாதீங்க.”

மூன்று பேரும் முற்றத்தில் நின்றோம். அப்பாவுக்குத் தலை சுற்றித் தூணைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னேன். சாம்பிராணிப் புகை மேலே போகும், இது கீழே போகும் என்றேன். தண்ணீர் மாதிரி பள்ளத்தில் தங்கும், கண்ணுக்குத் தெரியாது, நெருப்பைக் காட்டினால் ஒரேயடியாகப் பிடிக்கும்.

“கண்ணுக்குத் தெரியாத தண்ணியா?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா.”

“அந்தக் குழியில எவ்ளோ இருந்துச்சு?”

“இடுப்பளவு இருந்திருக்கும். மூணு பலக எடுத்தப்புறம் இன்னும் மேலகூட வந்திருக்கும்.”

அவள் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டாள். அங்கே தண்ணீர் ஏறி நிற்பது போல முந்தானையை மெல்லத் தூக்கிப் பிடித்தாள்.

 “பலகைய எடுக்கறப்ப நாத்தம் அடிச்சுதும்மா” என்றார் அப்பா. “ஒரு மாதிரி இருந்துச்சு. நெருப்பு கொண்டுவராதன்னு உங்கம்மா கிட்ட சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ படிச்சவ, ஏதாச்சும் இருந்தா சொல்லியிருப்பியேன்னு விட்டுட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஐம்பது வருடம் மூக்கையும் கையையும் நம்பி வாழ்ந்த மனிதர், என் ஒரு வார்த்தைக்காக அன்று தன் மூக்கை நம்பாமல் விட்டிருக்கிறார்.

“உனக்கு எப்பலயிருந்து தெரியும் இது?” அம்மா கேட்டாள்.

“ஆரம்பத்துலயிருந்தே.”

“நான் முத வாரம் குழியில எறங்கினப்பவே?”

“ம்.”

அவள் என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். கல்லூரிக்குப் போன பிறகு அவள் என்னை அடித்ததே இல்லை. அடித்த கையோடு என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, “ஐயோ, தோலு வந்துடுச்சே” என்று அழ ஆரம்பித்தாள். ஜாக்கி இறங்கியதையும் அப்போதே சொல்லிவிட்டேன். இரண்டாவது அறை விழவில்லை. அப்பாதான் தூணடியில் உட்கார்ந்துவிட்டார்.

சாமி புறப்பாட்டுக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அத்தை அப்போதுதான் கோயிலிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பின்னால் நாலு பேர்.

“இன்னா ஆச்சு? வெடிச்சிடுச்சா?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணும் இல்லக்கா. இவ சும்மா பயந்துட்டா. கொஞ்சம் பெட்ரோல் கொட்டிக்கிச்சு, அவ்ளோதான். படிச்ச புள்ளைங்க எல்லாத்துக்கும் பயப்படும்” என்றாள்.

அத்தை என் கையைப் பார்த்தாள், தொட்டியில் மிதந்த கரியைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சோற்றுக்கற்றாழை ஒடித்துக்கொண்டு வந்தாள். அம்மா சொன்ன பொய்யை அன்று நான் திருத்தவில்லை. என் மானத்துக்காக அவள் சொன்ன பொய் அது. இப்போது இங்கே திருத்திவிடுகிறேன்.

இரண்டு நாள் ஷட்டரைத் திறந்தே வைத்தோம். டேங்கைக் காலி செய்தேன். கார் விற்கப்படும் என்றுதான் நினைத்தேன். அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வண்டி எம்-சாண்ட் வந்து பின்சந்தில் இறங்கியது.

“குழி வேணாம்” என்றார். “வண்டிய மேல ஏத்திக்க வேற வழி இருக்குதா?”

“இருக்குதுப்பா. இரும்புச் சரிவு செஞ்சு ஏத்தலாம்.”

“அது வுழாதா?”

வாயில் வழக்கமான பதில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். “சரியா வெக்கலன்னா வுழும்பா. எப்பிடி வெக்கணும்னு காட்டறேன், நீங்களும் ஒருவாட்டி பாத்துடுங்க.”

சாயங்காலம் வரை மூன்று பேரும் மணலை அள்ளிக் கொட்டினோம். மணல் நிறையும்போது உள்ளே இன்னும் ஏதாவது தங்கியிருக்குமோ என்று அம்மா விளிம்பில் குனிந்து குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் அன்று பார்த்த பயம் அதற்கு முன்னால் எனக்கு மட்டும் இருந்தது. இப்போது வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. இதில் எனக்குப் பெருமை இல்லை. ஆனால் மூன்று பேர் சுமக்கும் பயம் ஒருவர் ஒளித்துவைக்கும் பயத்தைவிட நல்லது என்று நினைக்கிறேன்.

இப்போது ஷெட்டில் தரை மட்டத்தில் இரண்டு பக்கமும் காற்றுத் துளைகள் உண்டு. கதவுக்குப் பக்கத்தில் தீயணைப்பு உருளை, இரண்டு வாளி மணல். பெட்ரோல் கேன் வீட்டுக்குள் வருவதில்லை. இத்தனை இருந்தும் வேலைக்குப் போகும்போது பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டு முறை திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். கார் நன்றாக ஓடுகிறது. போன மாதம் அத்தையைக் கோயிலுக்கு அதில்தான் கூட்டிப்போனேன். வழியெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டே, “மெதுவா போடி, மெதுவா போடி” என்றாள்.

அம்மா வெள்ளிக்கிழமைத் தூபத்தை விடவில்லை. குழி இல்லையென்றாலும் நான் வேலை செய்கிற இடம் அது என்று ஷெட் வரை வருகிறாள். ஆனால் முற்றத்திலேயே நின்றுகொண்டு, தணலை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி கேட்கிறாள்:

“வரலாமா?”

நான் டேங்க் மூடியைப் பார்க்கிறேன், குழாயைத் தொட்டுப் பார்க்கிறேன், தரையோடு தரையாகக் குனிந்து முகர்கிறேன். அவள் காத்திருக்கிறாள். வா என்று சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு வாரமும் இன்னொருமுறை குனிகிறேன். பரீட்சையில்கூட ஒரு பதிலுக்கு இப்படித் தயங்கியதில்லை.

போன வெள்ளிக்கிழமை எனக்கு நல்ல ஜலதோஷம். குனிந்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. எழுந்து மறுபடி வேறு மூலையில் குனிந்தேன். வாசனை இல்லையா, மூக்கு இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“இன்னாடி, வரலாமா வேணாமா? தணல் அணையுது.”

“தெரியலம்மா.”

“இன்னா தெரியல?”

“மூக்கு அடைச்சிருக்குது. எனக்குத் தெரியல. வராதே.”

“ஜலதோஷம்னா கஷாயம் வெச்சுக் குடுக்கறேன்னு காலையிலயே சொன்னேன், கேட்டியா?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு கூடத்துப் பக்கம் திரும்பிப் போனாள்.